அடிக்கு முன்னும் பின்னும்

"ரொம்ப அடம் பிடிக்கிறான் மேடம், தலையைச் சுவரில் இடிச்சுக்கிறான்" என்று ஒரு தாய் சொன்னால், நான் நோட்டில் அடம் என்று எழுதுவதில்லை. எப்போது இடித்துக்கொண்டான், பக்கத்தில் யார் இருந்தார்கள், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, இடித்தவுடன் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதுகிறேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்யும் எனக்கு நடத்தைவாதம் தந்த பெரிய கொடை இந்தப் பழக்கம். இதில் பழி பிள்ளையின் மேல் விழாது. தாயின் வளர்ப்பு மேலும் விழாது.

கண்ணுக்குத் தெரியும் நடத்தையை மட்டுமே உளவியல் ஆராயட்டும் என்று 1913இல் நடத்தைவாதத்தைத் தொடங்கிவைத்த ஜான் வாட்சன் வாதிட்டார். குறுகிய பார்வைதான். ஆனால் பேச்சு வராத பிள்ளையிடம் "ஏன் இடிச்சுக்கிற?" என்று கேட்டுப் பதில் வாங்க முடியாதே. அங்கே அந்தக் குறுகலே துணை. 1982இல் பிரயன் இவாட்டாவும் அவருடைய சகாக்களும், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளை வெவ்வேறு சூழல்களில் கவனித்தார்கள்: பாடம் கொடுத்து, காயப்படுத்திக்கொண்டால் மட்டும் கவனம் கொடுத்து, விளையாட விட்டு, தனியே விட்டு. காயப்படுத்திக்கொள்வது ஒரு பிள்ளைக்கு ஒரு சூழலில் கூடியது, இன்னொரு பிள்ளைக்கு வேறொன்றில் கூடியது. வெளியே ஒரே மாதிரி தெரியும் செயலுக்குள் இத்தனை வேறு தேவைகள்.

பாடத்திலிருந்து தப்பிக்கத்தான் இடித்துக்கொள்கிறான் என்று தெரிந்தால், 'போதும்' என்று ஓர் அட்டையை எடுத்துக் கொடுக்கக் கற்றுத்தருகிறோம். 1985இல் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் காட்டிய வழி இது. தொடக்கத்தில், அட்டை கைக்கு வந்த அந்த நொடியே பாடத்தை எடுத்துவிட வேண்டும். ஒருமுறைகூடத் தவறக் கூடாது. இடிப்பதற்குப் பலன் நின்றதும் முதலில் அது கூடலாம் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அந்த நேரத்தில் மனம் தாங்காமல் பாட்டி செல்போனை நீட்டிவிட்டால், இன்னும் பலமாக இடித்தால் கிடைக்கும் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. அதனால் பாட்டியையும் அழைத்து உட்கார வைத்துப் பேசுகிறேன்.

ஆனால் நோட்டில் நான் போடும் கட்டங்களில் உடம்புக்கு இடமில்லை. பல்வலியிலும் காதுவலியிலும் ஒரு பிள்ளை தலையை இடித்துக்கொள்ளலாம். முன்னே பாடமும் இருந்திருக்கும், பின்னே கவனமும் கிடைத்திருக்கும். அட்டவணை அழகாகப் பொருந்திவிடும். எனவே மருத்துவர் பார்க்காமல் எந்தத் திட்டத்தையும் நான் தொடங்குவதில்லை.

மொழியிலும் இந்த முறைக்கு இப்படி ஓர் எல்லை உண்டு. வெகுமதி கொடுத்து ஒரு பையனை "தண்ணி வேணும்" என்று சொல்ல வைக்கலாம். அவனுடைய தங்கையோ, யாரும் கற்றுத்தராத வாக்கியத்தைத் தானே கட்டிப் பேசுகிறாள். நடத்தைவாதி ஸ்கின்னரின் மொழிக் கொள்கையை 1959இல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி விமர்சித்தது இந்த இடத்தில்தான்.

எனக்கு இவற்றைவிடப் பெரிய கவலை வேறு. ஒரு நடத்தையை எப்படி மாற்றுவது என்று இந்த முறை சொல்லும். மாற்றத்தான் வேண்டுமா என்று சொல்லாது. இந்த முறையில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்த ஐவார் லோவாஸ் 1960களில் அவர்கள் மேல் மின் அதிர்ச்சியைக்கூடப் பயன்படுத்தினார். 1987இல் அவர் வெளியிட்ட ஆய்வில், தீவிரப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போல் ஆகிவிட்டதாக எழுதினார். மற்றவர்களைப் போல் ஆவதே வெற்றி! அப்படிப் பயிற்சி பெற்று வளர்ந்த ஆட்டிசம் உள்ளவர்கள் பலர், தங்களை ஒளித்துக்கொள்ளத்தான் கற்றோம் என்று இன்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அதை நான் சாட்சியமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கைகளை உதறுவதை நிறுத்தித் தரச் சொல்லி வரும் பெற்றோரிடம், அதனால் யாருக்கு வலிக்கிறது என்று கேட்கிறேன். பெரும்பாலும் பதில், கல்யாண வீட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதாகத்தான் இருக்கும். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. நெடுநேரம் அதைப் பற்றிப் பேசுகிறோம். கை உதறலுக்குத் திட்டம் மட்டும் நான் போடுவதில்லை.