சொன்னதும் கேட்டதும்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

மூன்றாம் பருவம் இன்று தொடங்கியது. உளவும் பயங்கரவாதத் தடுப்பும் என்ற தாளுக்காகத்தான் கோவையிலிருந்து சென்னைக்கு வந்து இந்த முதுகலையில் சேர்ந்தேன். பேராசிரியர் வந்ததும் பலகையில் ஒரே ஒரு வரி எழுதினார்: "தாக்குதல் நடக்க வாய்ப்பு உண்டு." பிறகு, "நூற்றுக்கு எத்தனை என்று உங்களுக்குத் தோன்றுகிறது? பக்கத்தில் பார்க்காமல் சீட்டில் எழுதுங்கள்" என்றார்.

பதினாறு பேர் எழுதிக் கொடுத்தோம். நான் 60 போட்டிருந்தேன். பிரித்துப் படித்தால் மிகக் குறைந்தது 20, மிக அதிகம் 85. எல்லாருக்கும் தாய்மொழி தமிழ், வரியும் ஒன்றுதான்.

1951-இல் சிஐஏவில் இதுவே நடந்ததாம். யூகோஸ்லாவியா மீது சோவியத் முகாம் படையெடுக்குமா என்று மதிப்பிட்ட அறிக்கையில், அது அலட்சியப்படுத்த முடியாத சாத்தியம் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். அதற்கு என்ன அளவு என்று அமெரிக்க வெளியுறவுத் துறையைச் சேர்ந்த ஒருவர், அறிக்கையைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஷெர்மன் கென்ட்டிடம் கேட்டார். 65-க்கு 35 என்றார் கென்ட். கேட்டவர் திடுக்கிட்டார், அவர் அதைவிட வெகு குறைவாக நினைத்திருந்தார். அதன்பின் கென்ட் தம் சகாக்களிடம் விசாரித்தார். கூடி உட்கார்ந்து அந்த வாக்கியத்தை ஒப்புக்கொண்டவர்களே 20 முதல் 80 வரை ஆளுக்கொன்று மனத்தில் வைத்திருந்தார்கள். உளவு அறிக்கையில் வரும் ஒவ்வொரு சாத்தியச் சொல்லுக்கும் ஓர் எண்ணளவு வேண்டும் என்று 1964-இல் அவர் கட்டுரை எழுதினார்.

துப்பாக்கி, ஒட்டுக்கேட்பு, மாறுவேடம் என்று எதையெதையோ எதிர்பார்த்துப் போன எனக்கு முதல் நாள் பாடம் ஒரு சொல்லைப் பற்றியது.

14 ஆகஸ்ட், புதன்

நூலகத்தில் திருக்குறளை எடுத்தேன். பொருட்பாலில் 59-ஆம் அதிகாரம், ஒற்றாடல். பள்ளியில் இது பாடத்தில் இல்லை. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சொல் ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறார். எண்ணிக்கை மட்டும் போதாது, அவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்களாகவும் இருக்க வேண்டும்.

பிற்பகல் வகுப்பில் இராக். 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொலின் பவல் பேசினார். உயிரியல் ஆயுதம் தயாரிக்கும் நடமாடும் கூடங்கள் இராக்கிடம் இருப்பதாகவும், நேரில் பார்த்த பொறியாளர் உட்படப் பலர் சொல்வதாகவும் உலகத்துக்கு அறிவித்தார். ஆனால் அந்தக் கதையின் அடித்தளம் ஒருவர்தான். அவர் ஜெர்மனியில் அடைக்கலம் கேட்டு வந்த இராக்கியர்; உளவுத்துறை வைத்த பெயர் 'கர்வ்பால்'. அவரை விசாரித்தது ஜெர்மன் உளவுத்துறை. அமெரிக்க ஆய்வாளர்கள் கையில் இருந்தது விசாரணைக் குறிப்புகளே. துணைச் சாட்சியாகக் காட்டப்பட்ட இன்னொருவரைப் புளுகர் என்று அவர்களின் அமைப்புகளில் ஒன்றே முந்தைய ஆண்டில் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை பவலின் உரையை எழுதியவர்களின் மேசைக்குப் போய்ச் சேரவில்லை.

மார்ச் மாதம் போர் தொடங்கியது. அப்படி ஒரு கூடமும் அகப்படவில்லை. தாம் சொன்னது பொய் என்று 2011-இல் கர்வ்பாலே ஒப்புக்கொண்டார்.

16 ஆகஸ்ட், வெள்ளி

இலங்கையின் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 12 அன்று அளித்த தீர்ப்பை இன்று முழுவதும் படித்தேன். மதியம் சாப்பிடப் போகவில்லை.

இராக்கில் இல்லாத ஒன்றை நம்பினார்கள். இங்கே இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. 2019 ஏப்ரல் 4 அன்றே அயல்நாட்டுத் தகவல் வந்துவிட்டது. ஏப்ரல் 9-இல் அது கடிதமாகக் காவல்துறைத் தலைவருக்குப் போனது. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிமின் பெயர் அதில் இருந்தது. இலக்கு தேவாலயங்கள் என்றும் இருந்தது. 11-ஆம் தேதி முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்புப் பிரிவுகளுக்கு அது அனுப்பப்பட்டது. தேவாலயங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. 20-ஆம் தேதி மறுபடியும் எச்சரிக்கை வந்தது. விடிந்தால் ஞாயிறு.

கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று விடுதிகள். 260-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மட்டக்களப்பில் ஞாயிறு வகுப்பு முடிந்து வந்த பிள்ளைகளும் அதில் உண்டு.

முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். காவல்துறைத் தலைவராகவும் அரச உளவுத்துறைத் தலைவராகவும் இருந்தவர்களுக்கு ஆளுக்கு ஏழரைக் கோடி. தேசியப் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமரை அழைக்காமலே நாடு மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. மேலிடத்துப் பகையின் விலையைக் கொடுத்தவர்கள் ஞாயிறு பூசைக்குப் போனவர்கள்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

வகுப்புத் தோழியோடு பேருந்து பிடித்து ஸ்ரீபெரும்புதூர் போனேன். ராஜீவ் காந்தி நினைவிடத்தில் ஏழு தூண்கள் நிற்கின்றன. 1991 மே 21 இரவு இங்கே பணியிலிருந்த காவலர்களும் கூட்டம் கேட்க வந்தவர்களும் அவரோடு சேர்ந்து தற்கொலைக் குண்டில் இறந்தார்கள்.

படம் எடுத்த ஹரிபாபுவும் குண்டில் இறந்தார், அவருடைய கேமரா மட்டும் தப்பியது. அந்தப் பிலிம் சுருளில் குண்டைக் கட்டிக்கொண்டு மாலையோடு நின்ற பெண்ணின் முகம் பதிந்திருந்தது. புலனாய்வுக்கு முதல் பிடி அதுதான். திரும்பும்போது தோழி சொன்னாள்: "கேமரா பாத்ததை அப்படியே வெச்சிருந்துச்சுல்ல, அதான்."

19 ஆகஸ்ட், திங்கள்

நேற்றைய பயணத்தின் தொடர்ச்சியாக ராஜீவ் கொலை வழக்கை இன்று எடுத்துக்கொண்டேன். 1998 ஜனவரி 28 அன்று, பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் அமைந்த நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவிக்கச் சொன்னது. நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்க தடா இடம் கொடுத்திருந்தது.

தூக்கு உறுதியான நால்வரில் ஒருவரான பேரறிவாளன் மீது இருந்த முக்கியக் குற்றச்சாட்டு இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராசன், ஓய்வு பெற்றபின் 2013-இல் வெளிப்படையாகப் பேசினார். பேட்டரி எதற்கென்று தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதாகவும், அந்த வாக்கியத்தைத் தாம் எழுதாமல் விட்டதாகவும் சொன்னார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது. பத்தொன்பது வயதில் பிடிபட்டவருக்கு அப்போது ஐம்பது. அற்புதம் அம்மாள் மகனுக்காக ஏறி இறங்கிய படிகளை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம்.

அந்த ஒரு வாக்கியத்தின் நீளம் என் நோட்டில் அரை வரிதான்.

22 ஆகஸ்ட், வியாழன்

இரவு பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். இடது காதுக்குத்தான் போனை வைப்பார். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் அடுத்தடுத்துக் குண்டு வெடித்து 58 பேர் இறந்த நாளில், துணிக்கடைக்குக் கணக்கு எழுதப் போனவருக்கு வலது காது போய்விட்டது. நான் இந்தப் படிப்புக்கு வந்த காரணம் அதுதான்.

ஒரு வாரம் படித்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எங்க கடைக்குத் துணி தெச்சுக் குடுத்த பாயையும் அப்ப விசாரணைக்குக் கூட்டிட்டுப் போனாங்க கண்ணு. அஞ்சு நேரமும் தொழுவாருங்கறதத் தவிர அவருமேல ஒண்ணுமில்ல. திரும்பி வந்தவரு அப்பறம் மிசின்ல உக்காரவே இல்ல" என்றார். சற்று நேரம் கழித்து, "குண்டு வெச்சவனப் புடிக்கோணும். வெக்காதவனப் புடிச்சா, வெச்சவன் வெளியதான இருப்பான்?" என்று கேட்டார்.

பருவக் கட்டுரைக்குத் தலைப்பு நாளை கொடுக்க வேண்டும். கொச்சிக்கடைக்குப் போகாத கடிதத்தையும், தாளில் ஏறாத அந்த வாக்கியத்தையும் ஒன்றாக வைத்து எழுதப்போகிறேன். நாட்டின் பாதுகாப்பு வேறு, நிரபராதியின் பாதுகாப்பு வேறு என்று பிரித்துப் படிப்பது தவறு. இரண்டையும் காப்பது ஒரே வேலை: கேட்டதை முழுதாக எழுதி, சரிபார்த்து, சேர வேண்டியவர் கையில் உரிய நேரத்தில் சேர்ப்பது.