மூன்றாவது நாடா

ஆரணியில் நான் பார்க்கப் போன பட்டு நெசவாளர் ஐம்பதைக் கடந்தவர். குழித்தறியில் கால்களை இறக்கி உட்கார்ந்திருந்தார். மிதி மாற, பாவு வாய் திறக்க, நாடா பாய்ந்தது. அச்சு வந்து ஊடையை அடித்தது. இத்தனைக்கும் தோள் அசையவில்லை. “சின்ன வயசுல கம்பு சுத்தினதுல வந்தது சார்” என்றார்.

முதல் சில மாதம் சிலம்ப வாத்தியார் கம்பைக் கண்ணிலேயே காட்டவில்லையாம். வெறுங்கையோடு காலடிப் பயிற்சி மட்டும். சுவடு தப்பினால் மறுபடி முதலிலிருந்து. நெற்றி உயரக் கம்பு கைக்கு வந்த பிறகு இன்னொரு கட்டளை: எதிராளியின் கம்பு விழுந்தால் அடிக்கக் கூடாது, அவன் எடுத்து நிமிரும்வரை நிற்க வேண்டும். “சுத்துறது சுலபம் சார். நிறுத்துறதுதான் கஷ்டம்.”

தறியிலும் அதுதான். பாவில் ஓர் இழை அறுந்தால், கை ஓடும் வேகத்தில் இன்னும் நாலு ஊடை போட்டுவிடத் தோன்றும். போட்டால் சேலையில் கோடு விழும், கூலியில் கழிப்பார்கள். நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடிப் பிணைத்து, விழுதிலும் அச்சிலும் அதற்குரிய இடத்தில் கோத்த பிறகே அடுத்த மிதி.

சிலம்பம் பழகிய அதே வயதில் அப்பாவின் தறியிலும் அவர் உட்கார்ந்திருக்கிறார். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், இரு பக்கக் கரையும் வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவர் இரண்டைப் பார்த்துக்கொள்வார். மூன்றாவதை எறியப் பக்கத்தில் ஓர் ஆள் தேவை. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் நெடுங்காலம் அந்த ஆள் ஒரு குழந்தைதான். பெற்றவர்கள் வாங்கிய முன்பணம் பிள்ளையைத் தறியோடு கட்டிப்போட்டது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தறிப் பலகையிலிருந்து பிள்ளைகள் எழுந்து பள்ளிக்கூடம் போனது எவ்வளவு பெரிய விடுதலை! இளம் விரல்கள் போனால் கலை போய்விடும் என்று புலம்புகிறவர்களோடு என்னால் ஒருநாளும் சேர முடியாது.

சிலம்பமும் பிள்ளையின் உடம்பைத்தான் பழக்குகிறது. ஆனால் அங்கே கடன் இல்லை. இருட்டினால் வீட்டுக்குப் போகலாம். இன்று அதற்கு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் இடம் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் அது காட்சி விளையாட்டாகவும் இருந்தது. நெசவாளரின் மகளும் மாலையில் கம்போடு போகிறாள். ஆரணிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது; அதனால் தன் கூலி ஏறவில்லை என்கிறார் இவர்.

மகளுக்குத் தறி சொல்லிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

“காலேஜ் முடிக்கட்டும் சார். அப்புறம் அவளா கேட்டா சொல்லித் தருவேன். கடனுக்காக உட்கார வைக்க மாட்டேன்.”

இப்போது மூன்றாவது நாடாவை எறிவது அவர் மனைவி. சமையலை முடித்துவிட்டு, தாரும் சுற்றி வைத்துவிட்டுத்தான் தறிக்கு வருகிறார். சேலைக்கு இவ்வளவு என்று ஒரே கூலி. “எனக்குன்னு தனியா எதுவும் எழுத மாட்டாங்க” என்றார், நாடாவைத் தள்ளியபடியே.