கண்ணாடிப் பேழைக்குள் கலியன்

1710ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்த உஃபன்பாக் என்ற ஜெர்மானியப் பயணி, அங்குள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தைக் கண்டு முகம் சுளித்தார். அன்று சந்தை நாள். நாட்டுப்புறத்து ஆண்களும் பெண்களும் திரண்டு வந்து பொருள்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஆறு பென்னி கொடுத்தால் பெண்கள்கூட மாடியேறலாம் என்பது அவருக்குப் பெருங்குறை. அவர் குறையாக எழுதிவைத்ததுதான் அவ்விடத்தின் பெருமை என்று எனக்குப் படுகிறது. எலியாஸ் ஆஷ்மோல் பல்கலைக்கழகத்துக்கு அளித்த தொகுப்போடு 1683இல் திறக்கப்பட்ட கூடம் அது. இன்று அந்த ஆறு பென்னியும் தேவையில்லை, அனுமதி இலவசம்.

2017இல் லண்டனில் ஒரு கருத்தரங்குக்குச் சென்றிருந்தபோது, ஒரு பகல் பொழுதை அங்கே கழித்தேன். தன்னார்வலராகப் பணிபுரியும் முதிய அம்மையார் ஒருவர் எங்கள் சிறு குழுவை அழைத்துச் சென்றார். பாவ்லோ உச்செல்லோ தீட்டிய, இரவுக் காட்டில் நடக்கும் வேட்டையின் ஓவியத்தின் முன் நிறுத்தினார். ஓவியரின் பிறப்பு, இறப்பு, பாணி எதையும் சொல்லவில்லை. "இந்த நாய்கள் எல்லாம் எங்கே ஓடுகின்றன?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒரு சிறுவன், "இருட்டுக்குள்" என்றான். அதன் பிறகுதான் குதிரைகளும் வேடர்களும் நாய்களும் மரங்களுக்கிடையே ஒரே புள்ளியை நோக்கிச் சுருங்குவதை எங்கள் கண்கள் கண்டன. ஏறத்தாழ இருபது நிமிடம் ஒரே படம்! பெரியவாச்சான்பிள்ளை ஒரு சொல்லில் நின்று நிதானிப்பதைப் பாடம் சொல்லிப் பழகிய எனக்கு, அந்த நிதானம் அந்நியமாகப்படவில்லை. இந்தியக் கலைப்பொருள்கள் உள்ள பகுதி அன்றைய சுற்றில் இல்லை. எனக்கும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

நம் வைணவ உரைகாரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பாசுரத்துக்குள் நுழையுமுன் அவதாரிகை சொல்வார்கள்: இது எப்படிப் பிறந்தது, எதற்குப் பின் வந்தது, ஏன் இவ்விடத்தில் நிற்கிறது என்று. அருங்காட்சியகச் சிற்றட்டைகளில் காலமும் ஊரும் உலோகமும் இருக்கும். பொருள் இவ்விடம் வந்த கதை பெரும்பாலும் ஒற்றை வரியில் முடிந்துவிடும். சொற்பொழிவும் சுற்றும் அந்த இடைவெளியை நிரப்பத்தானே இருக்கின்றன?

இவ்வெண்ணம் என்னைப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் திருமங்கையாழ்வார். அவருடைய பதினாறாம் நூற்றாண்டுச் செப்புத்திருமேனி ஒன்றை 1967இல் லண்டன் சோதபி ஏலத்தில் ஆஷ்மோலியன் வாங்கியிருந்தது. 2019இல் ஓர் ஆய்வாளர் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படத்தொகுப்பைச் சுட்டிக்காட்டினார். கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் 1957இல் எடுத்த படத்தில் அதே திருமேனி! அருங்காட்சியகம் அச்செய்தியை மூடி வைக்காமல், அவ்வாண்டு டிசம்பரில் தானே இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவித்தது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழக மன்றம் திருப்பித்தர இசைந்தது.

யாரை யார் திருடினார்கள் என்பதிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. குருபரம்பரைக் கதைகளில் கலியன் வழிப்பறிக்காரர். நாகப்பட்டினத்துப் பொற்புத்தரைக் கவர்ந்து வந்து அரங்கனுக்கு மதில் எழுப்பியவர். ஸ்ரீரங்கத்தில் ஆண்டுதோறும் வேடுபறி உற்சவத்தில் அவர் பெருமாளையே மறிக்கிறார். தை அமாவாசைக்கு மறுநாள் திருநாங்கூரில் பதினொரு பெருமாள்கள் கருடன்மேல் வர, இவர் அன்னவாகனத்தில் எழுந்தருளி மங்களாசாசனம் செய்கிறார். ஓயாமல் உலாப் போகும் ஆழ்வார்! கூடத்திலோ அவர் நிற்க, நாம் சுற்றுகிறோம்.

ஆகவே திரைப்படம் கலைக்கூடத்தில் வெறும் பொழுதுபோக்கல்ல என்பேன். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் கலை அருங்காட்சியகத்தோடு பசிபிக் திரைப்பட ஆவணக்காப்பகத்தையும் ஒரே கூரையின்கீழ் நடத்துகிறது. இப்படிப்பட்ட ஓர் அரங்கில் திருநாங்கூர்க் கருடசேவைப் படம் ஒன்று ஓடினால், பேழைக்குள் நிற்கும் செம்பு அசையக்கூடியது என்பதைப் பார்ப்பவர் உணர்வார். வாகனம் தூக்குவோரின் தோள் குலுங்குவதை எந்தச் சிற்றட்டையும் சொல்லாது.

நம் பக்கத்தையும் பேசத்தான் வேண்டும். வெளிநாடுகளிலிருந்து மீளும் திருமேனிகள் எல்லாம் கருவறைக்குத் திரும்புவதில்லை. திருவாரூர்ச் சிலைப் பாதுகாப்பு மையம் போன்ற இடங்களில் பூட்டிய அறைகளில் ஆயிரக்கணக்கானவை இருக்கின்றன. பாதுகாப்பின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில் எவரும் காசில்லாமல் காணக்கூடிய திருமேனி, இங்கே எவருமே காணாத திருமேனியாக ஆனால் மீட்பு என்ற சொல்லுக்கு என்ன பொருள்? நம் பல்கலைக்கழகங்கள் இத்திருமேனிகளுக்காக மாதம் ஒரு மாலையேனும் கதவு திறந்து, ஊராரை அழைத்துப் பேசலாகாதா? முதுகலை மாணவர்களே வழிகாட்டலாம். பாசுரம் தெரிந்தவர்கள் அவர்கள். ஆக்ஸ்ஃபோர்டு அம்மையாருக்குக் கிட்டாத முதல் அது.

சென்ற பருவத்தில் என் வகுப்பில் அந்த 1957ஆம் ஆண்டுப் படத்தைக் காட்டி, பத்து வரியில் ஓர் அவதாரிகை எழுதச் சொன்னேன். பலர் பாசுரத்திலிருந்து தொடங்கினார்கள். ஒருவன் ஏலச் சுத்தியலின் ஓசையிலிருந்து தொடங்கினான். கையில் வாளும் கேடயமும் இருந்தும், தன்னைத் தூக்கிச் சென்றவர்களை ஆழ்வார் ஏன் மறிக்கவில்லை என்று தொடங்கியிருந்தாள் ஒரு மாணவி. அதற்குமேல் எழுத வரவில்லை என்று தாளை அப்படியே நீட்டினாள். வாங்கி வைத்திருக்கிறேன்.