விடு என்னும் வினை

தமிழில் ‘புகையை விடு’ என்னும் தொடருக்கு இரண்டு பொருள். உள்ளிழுத்ததை வெளியேற்று என்பது ஒன்று. இனித் தொடாதே என்பது மற்றொன்று. தில்லியில் முனைவர்ப் பட்ட ஆய்வு செய்யும் தமிழ் மாணவர் ஒருவர் 11 ஆண்டுகளாக முதற்பொருளை மட்டுமே நாள்தோறும் பன்னிரண்டு முறை நிறைவேற்றிவந்தார். ஒரு பத்தி எழுதினால் ஒரு சிகரெட். அது அவர் தமக்கு விதித்துக்கொண்ட கூலி. ஊரில் அவருடைய தந்தை பீடியால் நுரையீரல் கெட்டு, திண்ணை ஏறவே மூச்சிரைப்பவர். தொலைபேசியில் அந்த இருமலைக் கேட்டு முடித்ததும் மகன் செய்வது, இன்னொன்றைப் பற்றவைப்பதே.

சிகரெட் பெட்டியில் 2018 முதல் அச்சாகிவரும் 1800-11-2356 என்ற எண்ணை ஒருநாள் அவர் அழைத்தார். தில்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் 2016-இல் தொடங்கிய சேவை அது. அறிவுரைக்குத் தயாராக மனத்தைக் கல்லாக்கிக்கொண்டிருந்தவரிடம் கேள்விகளே வந்தன. விழித்தெழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? யாரோடு இருக்கும்போது? எதை முடித்தபின்?

இம்முறையின் வேர், மதுப்பழக்கம் உடையோரை முன்வைத்து வில்லியம் மில்லர் 1983-இல் எழுதிய கட்டுரை. விடுவதற்கான காரணம் ஆலோசகரின் வாயிலிருந்து அன்று, வந்தவரின் வாயிலிருந்தே பிறக்க வேண்டும் என்பது அதன் சாரம். மொழியியல் மாணவர்கள் கவனிக்கத்தக்கது 2003-இல் வெளியான ஆய்வு. போதைப்பழக்கம் உடையோரின் உரையாடல் பதிவுகளை உளமொழியியலாளர் பால் ஆம்ரைனும் குழுவினரும் ஆராய்ந்தனர். விருப்பம், இயலுமை, காரணம், தேவை ஆகியவற்றைச் சொல்லும் பேச்சு நேரடியாகப் பின்விளைவைக் காட்டவில்லை. உறுதியேற்கும் பேச்சு, குறிப்பாக அமர்வின் முடிவை நோக்கி வலுக்கும்போது, காட்டியது.

‘விடணும் டாக்டர்’ என்று சொல்லாத நோயாளி நம் ஊரில் உண்டா? ‘வேண்டும்’ என்னும் வினைமுற்றில் தன்மை, முன்னிலை, படர்க்கை விகுதி இல்லை. யார் விட வேண்டும் என்பதை அது சொல்வதே இல்லை. ‘விட்டுடுறேன்’ என்பதில் ஆள் வந்து நிற்கிறார். தமிழ் ஆலோசனை உரையாடல்களில் இவ்வேறுபாட்டை யாரேனும் ஆராய வேண்டும். (இங்கும் ‘வேண்டும்’தான்!)

மூன்றாம் அழைப்பில் அவர், “வர்ற திங்கட்கிழமை விட்டுடுறேன்” என்றார். அதற்கு முந்தைய வாரம் முழுதும் நேரம், இடம், மனநிலை எனக் குறித்துவைத்த ஏட்டில் பத்தி முடியும் கணங்களே நிறைந்திருந்தன. ஆகவே பத்தி முடிந்ததும் மாடியிறங்கித் தண்ணீர்ப் புட்டியை நிரப்பிவருவது என ஏற்பாடாயிற்று. வேட்கை எழுந்து தணியச் சில நிமிடங்களே ஆகும். மருத்துவர் சொன்னபடி நிகோடின் சூயிங்கமும் இருந்தது. பேச்சும் மருந்தும் சேர்ந்தால் தனித்தனியே செய்வதைவிடக் கூடுதலாகப் பயன்தரும். எனினும் முதல் இரண்டு வாரம் ஒரு வரிகூட எழுத வரவில்லை. இயல் ஒன்றை ஒப்படைக்கும் கெடு தாண்டியது. புகைப்பதை விட்டதால் ஆய்வையே விட நேருமோ என்ற அச்சம்தான் அவரைப் பெரிதும் வாட்டியது.

நாற்பதாம் நாள், தாமதமாகத் தந்த இயல் சிவப்பு மையோடு திரும்பிவர, ஒன்றைப் புகைத்துவிட்டார். ஒரு சறுக்கலைவிட ‘எல்லாம் போயிற்று’ என்ற எண்ணமே மீண்டும் பழக்கத்தில் தள்ளும் என்று ஆலன் மார்லட் விளக்கியிருக்கிறார். ஆலோசகரும் கடியவில்லை, எத்தனை மணிக்கு, எங்கே, அதற்குமுன் என்ன நடந்தது என்று மட்டுமே கேட்டார். பெட்டியில் மீதமிருந்த ஒன்பதை என்ன செய்தீர்கள் என்றும் கேட்டார். தேநீர்க் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும், காசு திரும்பவில்லை என்றும் இவர் சொன்னார்.