முதலில் எதை மாற்றுவது?

அந்த மலைமிதிவண்டி மாமா இளைஞராக இருந்தபோது வாங்கியது. இப்போது அது உயர்நிலை மூன்றில் படிக்கும் மருமகனிடம் வந்திருந்தது.

சென்ற விடுமுறையில் அவன் அதைச் சாங்கியிலிருந்து படகில் ஏற்றிப் புலாவ் உபினுக்குக் கொண்டுபோனான். அங்குள்ள கெத்தாம் மலைமிதிவண்டிப் பூங்காவின் சரிவு ஒன்றில் இறங்கும்போது, பிரேக்கை எவ்வளவு அழுத்தியும் வண்டி நிற்கவில்லை. சரளைக் கற்களில் வழுக்கி விழுந்தான். முழங்கை சிராய்த்துவிட்டது. வண்டியின் முன்புற அதிர்வுதாங்கியை மாற்றியே தீர வேண்டும் என்று அன்றே முடிவு செய்தான். நண்பர்களின் வண்டிகளில் முதலில் கண்ணில் படுவது அதுதான். அவனிடம் சிறுகச் சிறுகச் சேர்த்த 150 வெள்ளி இருந்தது.

"மாமா, இந்தப் பணத்துக்கு நல்ல அதிர்வுதாங்கி கிடைக்குமா?"

"கிடைத்தாலும் பொருந்துவது கடினம், தம்பி. இது 26 அங்குலச் சக்கரம். இப்போது பெரும்பாலும் 27.5, 29 அங்குலச் சக்கரங்களுக்குத்தான் செய்கிறார்கள். அது இருக்கட்டும், நீ எதனால் விழுந்தாய்?"

அவன் யோசித்தான். வண்டி குலுங்கியதால் அவன் விழவில்லை. நிறுத்த முடியாததால்தான் விழுந்தான்.

இருவரும் வண்டியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார்கள். பிரேக் கட்டைகளின் ரப்பர் கல்லைப்போல் இறுகியிருந்தது. பிரேக் கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடித்திருந்தது. டயர்களின் ஓரங்களில் வெடிப்புகள் தெரிந்தன. மாமா சங்கிலியின் மீது அளவுகோலை வைத்தார்.

"ஓர் ஆணியைத் தொடக்கக் கோட்டில் வைத்தால், அதற்கடுத்த 24ஆம் ஆணி சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். இங்கே பார், தாண்டிவிட்டது. தேய்ந்த சங்கிலியை அப்படியே விட்டால் பற்சக்கரங்களையும் தேய்த்துவிடும். பிறகு இரண்டையும் மாற்ற வேண்டும்."

அவன் ஒரு தாளில் கணக்கெழுதினான். பிரேக் கட்டைகள் 20 வெள்ளி, கம்பிகளும் உறைகளும் 18, இரண்டு டயர்கள் 60, சங்கிலி 25. மொத்தம் 123 வெள்ளி. பட்டியலில் பளபளப்பான பொருள் ஒன்றுகூட இல்லை. அவனுக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் அந்த வேலையிலேயே கழிந்தன. மாமா சொல்லச் சொல்ல, திருகுகளை அவனே முடுக்கினான். கட்டை சக்கர வளையத்தில் சமமாகப் படும்வரை மூன்று முறை கழற்றி மாட்டினான். கைகளெல்லாம் எண்ணெய்க்கறை.

மீண்டும் உபினுக்குப் போனபோது வண்டியின் வண்ணம் முன்புபோலவே உரிந்துதான் இருந்தது. அதே சரிவு வந்தது. பாதி வழியில், எந்தத் தேவையும் இல்லாமல், அவன் பிரேக்கை மெல்ல அழுத்தினான். வண்டி நின்றது. ஒரு காலை ஊன்றிக் கீழே இருந்த பாதையை ஒருமுறை பார்த்தான். பிறகு பிடியைத் தளர்த்தி, மீதித் தூரத்தையும் இறங்கினான்.

மீதமிருந்த 27 வெள்ளியை அவன் செலவழிக்கவில்லை. அடுத்து எது தேயும் என்று அவனுக்கு இப்போது தெரியும்.