காபி வேண்டாம் என்றவனுக்கு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. போனில் பேசினால் உனக்குக் கோபம் வருகிறது, எனக்கு அழுகை வருகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

மாசியில் நீ வந்துபோன நாளிலிருந்து அம்மா ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்கிறாள். நீ கோயம்புத்தூரில் மார்மன் சபையில் ஞானஸ்நானம் வாங்கியதை அல்ல. அது அவளுக்கு இன்னும் பிடிபடவேயில்லை. "கால் வலியோடு எழுந்து கலந்து கொடுத்தேன், டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டானே" என்பதுதான். உங்கள் சபையில் காபி, டீ, சாராயம், புகையிலை எதுவும் ஆகாது, 1833இல் வந்த வாக்கு அது என்று நீ போன பிறகு நான்தான் தேடிப் படித்து அவளுக்குச் சொன்னேன். "இதை அவனே சொன்னால் என்ன, நான் அடித்தா விடுவேன்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

சித்திரையில் உங்க மாமாவோடு நாகர்கோவில் போயிருந்தேன். ஒரு கல்யாண வீட்டுக்கு முகூர்த்தப் பட்டு. கிறிஸ்தவக் குடும்பம், அதனால் சந்தன வெள்ளையில் உடல், கரையில் கெட்டி ஜரிகை, கோர்வைப் புடவை. நீ சின்ன வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளுவாயே, அந்த வேலைக்கு இப்போது ஆள் கிடைப்பதில்லை. நான்தான் உட்கார்ந்தேன். இருபது நாள் ஆயிற்று. புடவையைக் கையில் வாங்கிய மணப்பெண்ணின் தாத்தா, ஓய்வுபெற்ற வாத்தியார், எங்களைச் சாப்பிட வைத்துவிட்டுப் பக்கத்தில் மயிலாடிக்குக் கூட்டிப்போனார். ஊருக்குள் நுழையும்போதே உளிச் சத்தம். வீதியெல்லாம் பாதி முளைத்த பிள்ளையாரும் நந்தியும். அதற்கு நடுவே ஒரு தேவாலயம். ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம் என்று பெயர்.

வேதமாணிக்கம் யார் என்று கேட்டேன். "ஒரு விவசாயி, அம்மா" என்றார்.

பழைய பெயர் மகாராசன். சாம்பவர் குலம். அப்போது அந்த மண் திருவிதாங்கூர் ராஜாவுடையது. தலைக்கு வரி, கூலியில்லாத ஊழியம், கோயில் தெருவில் நடக்கத் தடை. துணி நெய்கிற வீட்டில் பிறந்த எனக்கு வாத்தியார் சொன்ன இன்னொன்றுதான் தொண்டையில் நின்றது. அந்தக் குலத்துப் பெண்களும் நாடார் பெண்களும் மார்பை மூடித் துணி போடக் கூடாது. 1859இல்தான் அரசு நாடார் பெண்களுக்கு மேலாடை போட அனுமதி கொடுத்ததாம். அதுவும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி போடக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதே நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் துரைசானி 1820களில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தாளாம். அடிமைப் பெண்கள் சிலர் அந்தக் காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்களாம். நூலால் ஆகாதது உண்டா தம்பி?

மகாராசன் நல்ல பக்தர். 1799 வாக்கில் அவ்வளவு தூரம் நடந்து சிதம்பரம் போயிருக்கிறார். நந்தனார் ஞாபகம் வருகிறது இல்லையா? அவரும் வயல்காட்டு ஆள்தான், அவருக்கும் சிதம்பரம்தான் கனவு. நந்தனாரை நெருப்பில் இறங்கச் சொன்னார்கள். மகாராசன் மனம் நிறையாமல் திரும்பிவிட்டார். கோயிலருகே தூங்கும்போது ஒரு கனவு கண்டார் என்றும் அங்கே சொல்கிறார்கள். வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவர்களான உறவினர் வீடு. அங்கே கோலாப் ஐயர் பிரசங்கம் செய்வதைக் கேட்டிருக்கிறார். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1798இல் இறந்த பிறகு தஞ்சாவூர்ச் சபையைப் பார்த்துக்கொண்டவர் அவர். மகாராசன் ஞானஸ்நானம் வாங்கி வேதமாணிக்கம் ஆனார். கூடப் போன உறவுக்காரப் பையனும் வாங்கினான்.

இங்கேதான் நான் வாத்தியாரை நிறுத்தி, அப்புறம் எங்கே போனார் என்று கேட்டேன். "வேறெங்கே, வீட்டுக்குத்தான்" என்றார்.

தஞ்சாவூரிலேயே தங்கியிருக்கலாம். சொந்தக்காரர்கள் இருந்தார்கள், சபை இருந்தது, சாப்பாட்டுக்கும் குறைவிருக்காது. ஆனால் அந்த மனிதர் மயிலாடிக்கே திரும்பி நடந்தார். வீட்டில் உட்கார்ந்து இதுதான் நடந்தது என்று சொன்னார். சிலர் நம்பினார்கள், பலர் ஏசினார்கள். குலசாமியை விட்டவன் என்றார்கள். தொந்தரவு பொறுக்காமல் நம்பினவர்களோடு தஞ்சாவூர்ப் பக்கமே குடிபோய்விடலாமா என்றுகூட ஒரு கட்டத்தில் யோசித்தாராம். அப்போதும் தனியாக ஓடுகிற யோசனை இல்லை, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகிற யோசனைதான்.

அப்புறம் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர், லண்டன் மிஷன்காரர், 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரருக்கு எதிரான வேலுத்தம்பி தளவாய் கலகம் முடிந்த 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. பள்ளிக்கூடமும் அதே வருஷம். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் வயதை அங்கிருந்துதான் எண்ணுகிறதாம். ரிங்கல்தௌபே ஒரு மாதிரியான மனிதர். சம்பளத்தை வந்த கையோடு கொடுத்துவிடுவார். 1816இல் போகும்போது உடம்பில் நல்ல சட்டைகூட இல்லையாம். கப்பல் ஏறியவர் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. சபையை விவசாயி வேதமாணிக்கத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மிஷனரி மீட் ஐயர் 1818இல் வரும்வரை அவர்தான் பார்த்துக்கொண்டார். வேதமாணிக்கம் 1827இல் இறந்தார்.

அந்த வருஷத்தைக் குறித்துக்கொள். உங்கள் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித், பொன் தகடுகள் கைக்கு வந்தன என்று சொன்னதும் 1827இல்தான். அவரும் உழவர் வீட்டுப் பிள்ளை. நீ எங்களுக்கு ஒன்றும் சொல்லாததால் நானே தேடிப் படித்தேன், தப்பிருந்தால் திருத்து. உன் சபையின் முதல் ஆட்களில் மார்ட்டின் ஹாரிஸ் என்று ஒரு விவசாயி இருக்கிறாரே, நியூயார்க் மாநிலத்துப் பால்மைரா ஊர்க்காரர், அவர் கதையைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

அவர் மனைவி லூசிக்கு இந்தப் பொன் தகடுகள் பேச்சில் நம்பிக்கை இல்லை. அதனால் 1828இல், அந்தத் தகடுகளிலிருந்து மார்மன் புத்தகத்துக்காக அதுவரை எழுதிய 116 பக்கங்களை வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று ஸ்மித்திடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு போகிறார். பக்கங்கள் காணாமல் போய்விட்டன. இன்றுவரை கிடைக்கவில்லை. லூசி எரித்துவிட்டாள் என்று பேச்சு. யார் கண்டது? வீட்டுப் பெண் மேல் பழி போடுவது எல்லா ஊரிலும் சுலபம். அடுத்த வருஷம் அந்தப் புத்தகத்தை 5,000 பிரதி அச்சடிக்க 3,000 டாலருக்கு நிலத்தை அடமானம் வைத்தார். 1831இல் 150 ஏக்கருக்கு மேல் கையை விட்டுப் போனது. லூசியும் பிரிந்துபோனாள். பிறகு அவருக்கே ஸ்மித்தோடு ஒத்துவராமல் சபையை விட்டு விலகி, கடைசியில் 1870இல் 87 வயதில் உங்கள் சபையார் குடியேறியிருந்த யூட்டாவுக்குப் போய்ச் சேர்ந்து, 1875இல் இறந்தார். அத்தனை வருஷத்தில் அந்தப் புத்தகம் பொய் என்று மட்டும் சொல்லவில்லையாம்.

முதலாளியிடம் முன்பணம் வாங்கித் தறியை ஓட்டும் வீடு நம்முடையது. அடமானப் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போட்ட இரண்டு தடவையும் அம்மா சமையலறையில் நின்ற நிலை எனக்குத் தெரியும். அதனால் லூசியின் பக்கம்தான் முதலில் சாய்ந்தேன். ஆனால் ஹாரிஸ் கெஞ்சியதும் மனதை விட்டுப் போகவில்லை. மறைத்து வைத்திருக்கலாமே. வீட்டுக்குக் காட்ட வேண்டும் என்றல்லவா அந்த மனிதர் அத்தனை பாடுபட்டார்.

தம்பி, மதம் மாறுவது தமிழ்நாட்டுக்குப் புதிதா? இங்கிருந்து கொஞ்சம் தள்ளித் திருப்பருத்திக்குன்றம், சமணர்களின் ஜினகாஞ்சி. அப்பர் சுவாமிகள் சமணராகித் தருமசேனர் என்று பெயர் வாங்கியவர். அவரைச் சைவத்துக்குத் திருப்ப அக்கா திலகவதியார் தவமிருந்தார். நான் திலகவதியார் இல்லை. உன்னைத் திருப்பிக் கொண்டுவரவும் எழுதவில்லை. நீ நம்புவதை நம்பு. குமரக்கோட்டத்தில் உன் பேருக்கு அர்ச்சனை செய்வதை நானும் நிறுத்தமாட்டேன், அதற்கு நீ கோபித்துக்கொள்ளாதே.

என் வருத்தம் வேறு. உனக்கு அவ்வளவு பெரியது ஒன்று நடந்திருக்கிறது. அதை நாங்கள் உன் நண்பன் அனுப்பிய போட்டோவில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். வந்தாய், இரண்டு நாள் இருந்தாய், டம்ளரைத் தள்ளி வைத்தாய், போய்விட்டாய். உங்க மாமா ஏதாவது சொல்லிவிடுவார் என்று பயந்தாயா? சொல்லியிருப்பார்தான். அவர் வாய் உனக்குத் தெரியாததா? சத்தம் போட்டுவிட்டு ராத்திரி உனக்கு இட்லி போதுமா என்று கேட்டிருப்பார்.

வைகாசி கருட சேவைக்கு வா. விடியற்காலையில் கோபுர வாசலுக்கு நீ வர வேண்டாம், உனக்கு இஷ்டமில்லை என்றால் வீட்டில் அம்மாவோடு இரு. நாங்கள் போய்விட்டு வருகிறோம். அந்த ஒரு மணி நேரத்தில் அவளிடம் முதலிலிருந்து சொல். உன்னை யார் கூப்பிட்டார்கள், தண்ணீரில் இறங்கும்போது என்ன நினைத்தாய், ஞாயிற்றுக்கிழமை அங்கே என்ன செய்கிறாய், எல்லாம். அவள் நடுநடுவே வேறு ஏதாவது கேட்பாள். பொறுத்துக்கொள்.

நேற்று இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது, யாருக்கு என்று கேட்டாள். உனக்கு என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் உங்கள் சபையில் ஆகுமா என்று கேட்கச் சொன்னாள். அதில் காபித்தூள் ஒரு சிட்டிகைகூடப் போடமாட்டாளாம். ஆகுமா ஆகாதா என்று உடனே எழுது. கருப்பட்டி வாங்கி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா