தயிர் சாதப் பூனை

நாய் வளர்ப்பதென்றால் நம்மவர்கள் ஜாதி விசாரித்து, நல்ல நாள் பார்த்து, சங்கிலி வாங்கி, ‘நாய் ஜாக்கிரதை’ போர்டு எழுதி மாட்டி, கிட்டத்தட்ட ஒரு கல்யாணத்துக்கான ஏற்பாடெல்லாம் செய்வார்கள். பூனைக்காக யாரும் அப்படி மெனக்கெட்டதாகச் சரித்திரம் இல்லை. பூனை தானாக வரும். தானாகப் பரணில் குட்டி போடும். ஒரு நாள் தானாகவே காணாமல் போகும். எந்த வீட்டுக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத ஜீவன் அது.

ஆகவே, “இன்னும் மூணு வாரத்துல நம்மாத்துக்கு ரெண்டு பூனைக்குட்டி வரது. வீட்டைத் தயார் பண்ணணும்” என்று நான் அறிவித்ததும் எழுந்த சிரிப்பு நியாயமானதுதான்.

“பூனைக்கு என்னடா தயார் பண்றது? ஒரு கொட்டாங்கச்சி போறாதோ?” என்றாள் அம்மா.

குட்டிகள் இருந்தது காந்தி மார்க்கெட்டில் ஒரு மளிகை மண்டியில். தாய்ப் பூனை அங்கே எலி இலாகாவின் நிரந்தர ஊழியர். போனஸ், பி.எஃப். கிடையாது, பிரசவ லீவு மட்டும் உண்டு. மண்டிக்காரர் என் பெண்ணிடம், “ரெண்டு குட்டி உனக்குத்தான் பாப்பா” என்று வாக்குக் கொடுத்துவிட்டார். குட்டிகளுக்கு அப்போது ஐந்து வாரம். எட்டு வாரம் ஆகும் வரை தாயிடமிருந்து பிரிக்காதீர்கள் என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். எவ்வளவு கடித்தால் வலிக்கும், சண்டையில் எப்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வது, மண்ணைத் தோண்டி மூடுவது எப்படி என்கிற பாடமெல்லாம் அந்த வாரங்களில்தான் நடக்குமாம். பாதியில் டி.சி. வாங்கிக்கொண்டு வருகிற குட்டி, பாக்கிப் பாடத்தை நம் கையில் கீறிப் படித்துக்கொள்ளும்.

எங்கள் வீடு வடக்கு ஆண்டார் வீதியில், மலைக்கோட்டையின் காலடியில் இருக்கிறது. வாசலில் இறங்கினால் ஆட்டோ, அதைத் துரத்துகிற நாய், நாய்க்காக ஹாரன் அடிக்கிற இன்னொரு ஆட்டோ. இதில் பூனைக்குட்டியை வெளியே விட்டால் அதற்கு ஒன்பது உயிர் போதாது. குட்டிகள் வீட்டுக்குள்ளேயே வளரும் என்று முடிவு செய்தோம். பார்க்கச் சாதாரண முடிவு. ஆனால் பின்னால் வீட்டில் நடந்த மகாபாரதத்துக்கு விதை அதுதான்.

ஒரு சொத்து உள்ளே வருமுன் ஸ்டாக் எடுக்க வேண்டும் என்று பி.காமில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் குப்புறப் படுத்து, பூனைக்குட்டியின் கண் மட்டத்திலிருந்து வீட்டைப் பார்த்தேன். நீங்களும் ஒருமுறை படுத்துப் பாருங்கள் ஸார், உங்கள் வீடு உங்களுக்கே அந்நியமாகத் தெரியும். பீரோவுக்கு அடியில் பால் பாக்கெட் ரப்பர் பேண்டுகள் ஏழு, ஊசியோடு ஒரு நூல் கண்டு, 2 பாச்சை உருண்டை, என்றைக்கோ உருண்டு போன ஒரு காய்ச்சல் மாத்திரை. இதெல்லாம் நமக்குக் குப்பை. பூனைக்கு எமன்.

அந்த மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தலைவலியைப் போக்குகிற பாரசிட்டமால் ஒன்றே ஒன்று போதும், பூனையை மேலே அனுப்ப. அதை உடைத்து வெளியேற்றுகிற சாமர்த்தியம் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஃபினாயிலும் அதே கேஸ்தான். வெள்ளிக்கிழமை கமகமவென்று ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையில் பூனை நடக்கும், பிறகு ஓரமாக உட்கார்ந்து பாதத்தைச் சுத்தமாக நக்கும். சுத்தக்காரப் பிராணி என்று நாம் மெச்சுகிற அந்தக் குணமே விஷத்தை உள்ளே கொண்டு போய்விடும். ஃபினாயில் பாட்டில் கொல்லைப்புறம் நாடு கடத்தப்பட்டது. சோப்புத் தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரால் இன்னொரு தரம் துடைக்கிறோம். என் மனைவிக்கு இதில் இன்னும் திருப்தி கிடையாது. “வாசனையே இல்லாம துடைச்ச மாதிரியே இல்லை” என்பாள்.

நூலும் ரப்பர் பேண்டும் இன்னும் மோசம். பூனையின் நாக்கு உப்புத்தாள் மாதிரி. அதன் முட்கள் எல்லாம் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். நூல் நுனி நாக்கில் ஒட்டிவிட்டால் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் தெரியும். உள்ளே போன நூல் குடலைச் சுருக்குப் பை மாதிரி இழுத்து, அறுத்தே விடும். இதை அம்மாவிடம் சொல்ல நேர்ந்தது. அவள் தினமும் சாயங்காலம் முல்லை தொடுக்கிற வாழைநார் கூடத்திலேயே கிடக்கும். எழுபது வருஷப் பழக்கம். ஒன்றும் பேசாமல், மறுநாள் நாரை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி வைத்தாள். ‘ஆகா, அம்மா நம் கட்சி’ என்று நினைத்தேன்.

கழிப்பறை விஷயத்தில் ஒரு ஃபார்முலா உண்டு: பூனைகளின் எண்ணிக்கை, கூட ஒன்று. இரண்டு பூனைக்கு மூன்று தட்டு.

“நாம அஞ்சு பேருக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு” என்றாள் மனைவி. பதில் சொல்ல முடியாத பாயின்ட்.

குட்டி ஏறி இறங்கத் தோதாக, விளிம்பு தாழ்ந்த பிளாஸ்டிக் தட்டுகள் வாங்கினேன். பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் ஒரு சாக்கு இரவல் கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள். சொன்னேன். இன்றைக்கு ஆற்று மணல் விற்கிற விலைக்கு அந்தக் காரணத்தைக் கேட்டவர் முகம் போன போக்கை வர்ணிக்க எனக்கு எழுத்து வன்மை போதாது. சாப்பாட்டுத் தட்டுக்கும் மணல் தட்டுக்கும் நடுவே நல்ல தூரம் இருக்க வேண்டும். அந்த விஷயத்தில் பூனை நம்மைவிட ஆசாரம்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. முற்றத்துக் கிணற்றுக்கு வலை, தண்ணீர் டிரம்முக்கு மூடி, ஜன்னல் கம்பிக்குக் கொசு வலை (தலை நுழைகிற இடத்தில் குட்டி முழுசாகவே நுழைந்துவிடும்), நகம் கூராக்கத் தேங்காய் நார்க் கயிறு சுற்றிய ஒரு கட்டை, ஒளிந்துகொள்ள அட்டைப் பெட்டி, முதல் சில நாள் இருக்க ஒரே ஒரு ரூம். முழு வீட்டையும் முதல் நாளே காட்டினால் குட்டி மிரண்டு போகும்.

அப்புறம் சாப்பாடு. இங்கேதான் கதை ஆரம்பம்.

பூனை என்றால் பால் என்று நம் எல்லோர் மண்டையிலும் பதிந்திருக்கிறது. கம்பரே அவையடக்கத்தில், பாற்கடலை முழுசாக நக்கிக் குடித்துவிடப் புறப்பட்ட பூனையோடுதான் தன்னை ஒப்பிட்டுக்கொண்டார். அதை அரங்கேற்றியதாகச் சொல்கிற மண்டபம் காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கம் தாயார் சந்நிதிக்கு எதிரே இன்றும் இருக்கிறது. உவமை அற்புதம். ஆனால் அந்தப் பூனைக்குக் கடலில் கால்வாசி போவதற்குள் வயிற்றுப்போக்கு கண்டிருக்கும். தாய்ப்பால் மறந்த பிறகு பெரும்பாலான பூனைகளுக்குப் பாலில் இருக்கிற லாக்டோஸ் செரிக்காது. குட்டி என்றால் போகிற போக்கில் உடம்பின் நீரே வற்றிவிடும். சுடச்சுடப் பாலை வைத்துப் பூனைக்குப் பால் வெறுப்பு வரவழைத்த தெனாலிராமன், சூட்டைத் தவிர்த்துப் பார்த்தால், அதற்கு உபகாரம்தான் செய்திருக்கிறான்.

“பால் வேண்டாம்னா தயிர் சாதம் போடுவோம்” என்றாள் அம்மா.

டாக்டர் சொன்னதைச் சொல்ல வேண்டியதாயிற்று. பூனைக்கு மாமிசம் வேண்டும். ருசிக்காக அல்ல. டாரின் என்று ஒரு சத்து. மனுஷனும் நாயும் அதைத் தங்கள் உடம்புக்குள்ளேயே தயாரித்துக்கொள்வார்கள். பூனையால் தேவையான அளவு தயாரிக்க முடியாது. இன்னொரு பிராணியைத் தின்றுதான் பெற வேண்டும். அது கிடைக்காத பூனைக்கு விழித்திரை கெட்டுக் கண் போகும் என்று 1975-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். இதயத் தசை தளர்ந்து உயிரே போகும் என்று 1987-ல் கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம்தான் டப்பாவில் விற்கிற பூனை உணவிலேயே டாரினைக் கூட்டினார்கள். கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ செய்துகொள்ளக்கூடப் பூனைக்குத் துப்பு கிடையாது. வெங்காயமும் பூண்டும் ஆகாது என்பது ஒன்றுதான் பூனைக்கும் அம்மாவுக்கும் பொதுவான பத்தியம்.

மூன்று தலைமுறையாக முட்டை ஏறாத வீடு. அம்மாவின் முகம் இறுகிவிட்டது.

“நான் கும்பகோணத்துக்கு உங்க அக்காவாத்துக்குப் போறேன். மீன் நாத்தம் முடிஞ்சப்புறம் சொல்லியனுப்பு” என்றாள். சும்மா சொல்லவில்லை. டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. என் பெண் ஒரு மூலையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பாட்டி போகவும் கூடாது, பூனை வராமலிருக்கவும் கூடாது. ஒரு பக்கம் எழுபது வருஷ அனுஷ்டானம். இன்னொரு பக்கம், வாங்கி வந்து கண்ணைக் கெடுத்துவிடக் கூடாத இரண்டு உயிர். குட்டியே வேண்டாம் என்று மண்டிக்காரரிடம் சொல்லிவிடலாம் என்று மனைவி சொன்னாள். எனக்கும் அதுதான் யோக்கியமான வழி என்று பட்டது. பட்டினி போட்டு வளர்ப்பதைவிட வளர்க்காமல் இருப்பது மேல்.

இரண்டு நாள் கழித்து அம்மாவே ஆரம்பித்தாள். “ஏண்டா, எங்காத்துல, கீழச் சித்திரை வீதியில, ஒரு பூனை இருந்துதே! பத்து வருஷம் தயிர் சாதம்தான். கண்ணு அவிஞ்சா போச்சு?”

“ராத்திரி அது எங்கேம்மா படுத்துக்கும்?”

“ராத்திரி எங்கே படுத்துது? ஓடு மேலயும் மச்சுலயும் சுத்தும். விடியக்காலை நெல் குதிர்கிட்டப் பார்த்தா எலி வால் கிடக்கும். எங்கப்பா அள்ளிப் போட்டுண்டே, சமத்துப் பூனைம்பார்...”

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

எங்கள் சாஸ்திரத்தில் இதற்குக் கணக்கில் காட்டாத வருமானம் என்று பெயர். தயிர் சாதம் காட்டிய வருமானம். எலி, பல்லி, அணில் எல்லாம் காட்டாத வருமானம். அக்ரஹாரத்துப் பூனைகள் அத்தனையும் இரட்டைக் கணக்கு வைத்துத்தான் உடம்பைத் தேற்றியிருக்கின்றன. சைவப் பூனை என்று நாம் பெருமைப்பட்டதெல்லாம் பகல் நேரத்து லெட்ஜரை மட்டும் பார்த்து.

“இங்க நாம ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சாச்சும்மா. அது வேட்டைக்குப் போக முடியாது. அப்ப யார் போறது?”

அம்மா பதில் சொல்லவில்லை. அவள் அப்பா, அதாவது என் தாத்தா, திண்ணையில் உட்கார்ந்து மார்ஜார நியாயம் பேசியவர். பிள்ளை லோகாசாரியர் வாழ்ந்த ஊரில் அது பிள்ளைகளுக்கே பாடம். குரங்குக் குட்டி தாயைத் தானே கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி ஒன்றுமே செய்ய வேண்டாம், தாய் கவ்விக்கொண்டு போகும். பகவானும் நம்மை அப்படித்தான் தூக்கிப் போவான் என்பது தென்கலைக் கட்சி. குட்டியைத் தாயிடமிருந்து நாமே எடுத்து வந்தால், கவ்வுகிற வேலை யாருடையது? இக்கரையிலும் அதே கதைதான். காவிரியில் வெள்ளம், பிரசவத்துக்குப் பெண்ணின் அம்மா வந்து சேர முடியவில்லை. சிவபெருமானே அம்மா வேஷத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்று எங்கள் தலைக்கு மேலே மலையில் தாயுமானவராக உட்கார்ந்திருக்கிறார். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டவர்கள் இன்றும் வாழைத்தார் கொண்டுவந்து சாத்துகிறார்கள். இதையெல்லாம் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால், “எனக்கே சொல்லித் தரயா?” என்பாள்.

சாயங்காலம் நிபந்தனைகள் வெளியாயின. வீட்டில் மாமிசம் சமைக்கக் கூடாது. பாக்கெட்டில் வருவது மட்டும். அது கொல்லைப்புற ரூமைத் தாண்டி வரக் கூடாது. தனித் தட்டு, தனி ஸ்பூன், கொல்லைக் குழாயில் கழுவ வேண்டும். போட்டவன் கை கால் கழுவாமல் சமையல் ரூம் வாசப்படி மிதிக்கக் கூடாது.

பாக்கெட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆராய்ந்தாள். “இதுல மீன் படம் போட்டிருக்கேடா.”

“படம் மட்டும் இல்லம்மா. உள்ளேயும் மீன்தான்.”

“கேட்டேனா?” என்று பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிட்டாள். டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று.

எட்டாவது வாரம் முடிந்ததும் மூடி போட்ட மூங்கில் கூடையில் குட்டிகள் வந்தன. தாய் படுத்திருந்த சாக்கில் ஒரு துண்டைக் கிழித்து, அந்த வாசனையோடு கொண்டுவந்தோம். வழியிலேயே டாக்டரிடம் காட்டி, பூச்சி மருந்தும் முதல் தடுப்பூசியும் ஆயிற்று. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாவது மாதத்தில். பெரியதற்கு டெபிட், சின்னதற்கு கிரெடிட் என்று பெயர் வைத்தேன். உள்ளே வருவதெல்லாம் டெபிட்டுக்கே போவதைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் பிரமாதம்.

முதல் நாள் முழுக்க இரண்டும் அட்டைப் பெட்டியை விட்டு வரவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு நான் தட்டில் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். டெபிட் முதலில் வந்தது, பிறகு கிரெடிட். பின்னால் ஏதோ நிழல். திரும்பிப் பார்த்தால் ரூம் வாசப்படிக்கு அந்தப் பக்கம் அம்மா, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

“என்னடா பார்த்துண்டு உக்காந்திருக்கே? பெரிசு எல்லாத்தையும் பிடுங்கித் தின்னுட்டுது. சின்னதுக்கு இன்னும் கொஞ்சம் போடு. தனியாப் போடு.”